ஆறு விலகிய வீடு

அடிதடி வழக்கில் ஜாமீன் கொடுத்த நீதிபதி, வழக்கு முடியும்வரை செபத்தியான் தன் மாவட்டத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடலில் சேரும் ஆறுதான் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. வடகரையில் ஒரு வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, தென்கரையில் தன் வீட்டு வாசலில் மனைவி எமல்டா கருவாடு புரட்டுவதைப் பார்த்தே அவன் நாளை ஓட்டினான்.

ஐப்பசிப் புயலில் ஆறு தன் வாயை மணலால் அடைத்துக்கொண்டு, அவன் வீட்டுக்குப் பின்புறமாக உடைத்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று. விடிந்து பார்த்தால் வாசலில் எமல்டா நிற்கிறாள். நடுவே வெறும் ஈரமணல். அப்போதும் அவன் போகவில்லை. தினமும் அவனைக் கண்காணிக்க வரும் போலீஸ் ஏட்டு வரும்வரை மணல் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஏட்டு முன்னும் பின்னும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "எல்லை ஆறுதானேய்யா? அது உன் வீட்டுக்குப் பின்னால இல்ல ஓடுது! வேற உத்தரவு வர்ற வரைக்கும் போய்ச் சேரு."

வாசலில் எமல்டா துண்டை நீட்டினாள்.

"கால் நனையவே இல்ல எமல்டா!" அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவள் ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. ஆறு பின்னாலதான் நிக்குது."