வென்டிலேட்டர் வைவா

"சாருக்கு இன்னைக்கும் வைவா வேணுமாம். பேஷன்ட்டைப் பத்திச் சொல்லு பெர்லின்" என்றார் ஐ.சி.யு. தலைமை டாக்டர் ஆக்னஸ்.

பெர்லின் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தாள். நாகர்கோவிலிலிருந்து ஹைதராபாத்துக்கு மேற்படிப்புக்கு வந்த பயிற்சி டாக்டர் அவள். பேராசிரியர் சிலாஸ் நடத்தும் வைவா என்ற வாய்மொழித் தேர்வு என்றாலே பயிற்சி டாக்டர்களுக்கு நடுக்கம். போன மாதம் இதே வென்டிலேட்டர் பாடத்தில் அவள் உளறியபோது, "ஹைடெக் சிட்டியில ஐ.டி. கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், போய்ப் பாரும்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்.

இன்று அவரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதுவே போதுமானதாக இருந்தது.

"நிமோனியா, சார். இப்ப ஆக்சிஜன் கொஞ்சம் குடுத்தாலே போதும். பேஷன்ட் நல்லா முழிச்சிருக்காரு, தானாவே மூச்சு இழுக்காரு. மெஷின் லேசா கைகொடுக்குது, அவ்வளவுதான்."

சிலாஸ் மெஷினின் திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"பீப்னு காட்டுற அந்தக் காற்றழுத்தம் எதுக்குன்னு கேக்கறார்" என்றார் ஆக்னஸ்.

"மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிப் போகாம அந்த அழுத்தம்தான் தாங்கிப் பிடிக்கும் சார்."

புருவம் இறங்கவில்லை.

"சரி, தொண்டையில இருக்கற குழாயை எடுத்துடலாம்னு எதை வெச்சு சொல்லுவே?" என்றார் ஆக்னஸ்.

"மெஷின் உதவியைக் குறைச்சு அரை மணி நேரம் பார்த்தோம் மேடம். மூச்சு வேகம் ஏறல்ல. நாடியும் சீராத்தான் இருக்கு. இருமலுக்கு நல்ல பலம்."

"எடுத்த பிறகு திணறினா?"

"திரும்பக் குழாய் போட எல்லாம் ரெடியா வச்சிருக்கேன்." பெர்லின் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சிலாஸின் கண்ணை நேராகப் பார்த்தாள். "ஆனா தேவைப்படாது சார்."

சிலாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சாரே ஓகே சொல்லிட்டார். பயமெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம், நீயே எடு" என்று தோளில் தட்டினார் ஆக்னஸ்.

பெர்லின் கையுறை மாட்டினாள். பேராசிரியரின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து, "நல்லா இருமுங்க சார்" என்றபடி, அவர் தொண்டையிலிருந்து குழாயை உருவினாள்.

இருமி முடித்து, ஒரு முழு மூச்சைத் தானே இழுத்து விட்ட சிலாஸ், கரகரத்த குரலில் சொன்னார்: "தேங்க்ஸ், டாக்டர்."