இறக்கத்துக் கியர்

“தானா கியர் மாறுத காருதானலே இது? பொறவு எதுக்கு அதைப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுத?”

பின்சீட்டிலிருந்து சொர்ணாம்பாள் கத்தினாள். மகன் குமரகுருபரன் காதில் வாங்கவில்லை. காரையாற்று மலைப்பாதை இறக்கத்தில் லீவரை வழக்கமாக ஓட்டுகிற ‘டி’யிலிருந்து, வேகத்தைக் குறைக்கிற ‘எல்’லுக்கு இழுத்தான். எஞ்சின் ஊளையிட்டது. மூன்று பேரும் முன்னால் சரிந்து நிமிர்ந்தார்கள்.

“என்ன செய்யுதீய?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சித்ரலேகா.

“கையாலயும் மாத்தலாம்னுதான வச்சிருக்கான்? சும்மா பாக்கதுக்கா?”

லீவர் மறுபடி ‘டி’க்குப் போனது. கார் அடுத்த வளைவைப் பார்த்துப் பாய்ந்தது.

கார் சித்ரலேகாவுக்காக வாங்கியதுதான். போலியோவில் சூம்பிய இடது கால் கிளட்சை மிதிக்காது. கிளட்சே இல்லாத இந்த வண்டியைச் சென்னையில் சொல்லிவைத்து வரவழைத்தான் குமரகுருபரன். அவளும் ஆசையாகக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தாள். ஒரு நாள் தச்சநல்லூர் வீட்டுச் சந்தில் சுவரில் உரசிவிட்டாள். கதவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்கப்புறம் சாவியைத் தொடவில்லை.

நாளைக் காலை களக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். பஸ் மாறி, கூட்டத்தில் ஏறி இறங்க அந்தக் காலால் ஆகாது. ஓட்டினால் வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை.

“பயமா இருந்தா விட்டுரு. நீ சம்பாதிச்சுத்தான் இங்கன உலை கொதிக்கணுமாக்கும்” என்று சொர்ணாம்பாள் காலையில்கூடச் சொன்னாள். சித்ரலேகாவுக்குச் சுருக்கென்றது. நல்ல நாளும் அதுவுமாக எதற்குப் பேச்சு என்று மலைமேல் அய்யனாரைக் கும்பிட வந்துவிட்டாள்.

மறுபடி ‘எல்’. மறுபடி ஊளை.

“அய்யோ, கொடலு வாய்க்கு வருதே! ஏட்டி, நீயாவது அவன்கிட்ட சொல்லேன்!”

“நடுவுல இருக்க ‘டூ’வுல போட்டு அப்படியே விட்டுருங்க” என்றாள் சித்ரலேகா. “இறக்கத்துல எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிடும். பிரேக்கப் பைய தொட்டாப் போதும்.”

“வாயால ஓட்டாத. தெரிஞ்சா நீ ஓட்டு பாப்போம்.”

“ஓட்டுதேன்! நிறுத்துங்க வண்டிய!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கார் அதற்குள் ஓரங்கட்டி நின்றிருந்தது.

இடம் மாறினார்கள். லீவரை ‘டூ’வில் வைத்தாள். வண்டி அடங்கின குரலில் உறுமிக்கொண்டு, சொன்னபடி கேட்டு இறங்கியது. வளைவில் ஹாரன் அடித்தபடி ஒரு பஸ் ஏறி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது ஓரம் ஒதுங்கினாள். பஸ் போய்விட்டது. எதுவும் உரசவில்லை.

செங்குத்தான இடத்தில் ‘எல்’. சரிவு குறைந்ததும் ‘டூ’. ஒரு குலுக்கல் இல்லை.

“பாத்தீயளா? பாத்தீயளா!” சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

பாபநாசத்தில் ஒரு பெட்டிக்கடைக்கு முன்னால் கோடு கிழித்த மாதிரி நிறுத்தினாள்.

“அத்தை, நாளைக்கு நான் களக்காட்டுக்குத் தனியாவே போயிருவேன். யாரும் கூட வரண்டாம்.”

“போயேன். யாரு உன்னப் பிடிச்சு வச்சா?” என்று முணுமுணுத்தபடி சொர்ணாம்பாள் இறங்கினாள். குமரகுருபரனும் இறங்கினான்.

குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சித்ரலேகாவுக்கு, திறந்த ஜன்னல் வழியே கணவன் முதுகில் விழுந்த அடியும் மாமியார் குரலும் கேட்டன.

“ஏ மூதி, ரெண்டு வளைவுக்குக் குலுக்குனாப் போதும்னுதானலே வீட்டுல வச்சே சொன்னேன்? இப்ப நெசமாவே குமட்டுது. ஓடு, ஒரு சோடா வாங்கு.”