முந்திக் கேட்ட சத்தம்

லாச்சப்பல் தெருச் சீலைக்கடைக்குள் யூலியன் மூச்சிரைக்க நுழைந்தபோது அண்ணி அற்புதமலர் மட்டும்தான் கண்ணில் பட்டாள்.

"அண்ணி, போன வருசம் பன்றி வேட்டையிலை அண்ணையைச் சுட்டுச் சாக்காட்டினது அவரோடை போன கூட்டாளி வின்சன்ற்தான்!"

"விசர்க்கதை கதைக்காதை. அவர் அண்ணைக்குப் பக்கத்திலை நிண்டவர். ஆரோ தூரத்திலையிருந்து சுட்டது."

"அப்பிடித்தான் பொலிசுக்கும் சொன்னவர். முதல் வெடிச்சத்தம் கேட்டுது, பிறகுதான் அண்ணை விழுந்தவர் எண்டு. இண்டைக்குத் துவக்குச் சுடுற கிளப்பிலை, அண்ணையைச் சுட்ட அதே மாதிரிப் பழைய வேட்டைத் துவக்கொண்டின்ரை குண்டு வேகத்தை அளந்தனாங்கள். சத்தத்தைவிட ரெண்டு மடங்கு! பக்கத்திலை நிண்டவனுக்கு அண்ணை விழுந்த பிறகுதான் சத்தம் கேட்டிருக்கும். சத்தம் முந்திக் கேக்கிறது சுட்டவனுக்குத்தான், அண்ணி!"

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வேறை ஆருக்கும் சொன்னனியே?"

"இல்லை. நேரை உங்களிட்டைத்தான் ஓடி வந்தனான்."

அற்புதமலர் எழுந்துபோய்க் கடைக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"வின்சன்ற், இஞ்சை வாங்கோ! விழுந்த பிறகுதான் சத்தம் கேட்டதெண்டு சொல்லச் சொல்லி உங்களுக்கு எத்தினை தரம் சொல்லித் தந்தனான்?"