சூடே ஆகாத லேப்டாப்

“இந்த லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்னைக்கே அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா தம்பி. பிள்ளைங்களையும் ஒண்ணு விடாம கூட்டிக்கிட்டு.”

மூக்குக்கண்ணாடி போட்ட வாடிக்கையாளர் லேப்டாப்பைக் கவுன்ட்டரில் வைத்தார். அவர் முன்கை முழுக்க நீளநீளமாய்க் கீறல்கள். கடைக்கார இளைஞன் ஓர் எட்டுப் பின்வாங்கினான். போன வாரம் வாய் ஓயாமல் பேசி, இதை அவர் தலையில் கட்டியவனே அவன்தான்.

“எங்க சார் போயிருக்காங்க?”

“பக்கத்து வீட்டுக்குத்தான். அவன்கிட்ட பழைய கேமிங் லேப்டாப் இருக்கு. நாள் பூரா ஆடறான். இவ அங்கயே சொக்கிப்போய்க் கிடக்கறா.”

“போய்க் கூப்பிடலாமே சார்?”

“கூப்பிடாம இருப்பேனா? கெஞ்சினேன். கையை நீட்டினேன், கீறி வெச்சுட்டா. போலீஸ்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறாங்க.”

ஒரு லேப்டாப்புக்காகக் குடும்பத்தையே உதறுவாளா ஒருத்தி? இளைஞனுக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

“சார், உங்களோடதுதான் ஒசத்தின்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. பழசுல பிராசஸர் ஒரு சிப், படம் காட்டற கிராபிக்ஸ் இன்னொரு சிப். ரெண்டும் தனித்தனியா கரண்ட்டைக் குடிச்சு, தனித்தனியா கொதிக்கும். இதுல ரெண்டும் ஒரே சிப்புக்குள்ள. மெமரியையும் பங்கு போட்டுக்குது. கரண்ட்டும் கம்மி, சூடும் கம்மி.”

“எவ்வளவு நேரம் ஆடினாலுமா?”

“எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கலாம் சார்!”

“அதுலதான் தம்பி என் குடி கெட்டுச்சு. ரெண்டு சிப் வெச்சது இருந்தா எடுங்க.”

மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த தடியான மாடல் ஒன்றை இளைஞன் இறக்கினான். கேமைப் போட்டதும் ஃபேன் மாவு மில் போல் இரைந்தது. சற்று நேரத்தில் கீபோர்டு இஸ்திரிப் பெட்டியாய்ச் சுட்டது.

“வேணாம் சார். மனசறிஞ்சு இதை உங்களுக்கு விக்க மாட்டேன்.”

கண்ணாடிக்காரர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினார். முகம் மலர்ந்தது. பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாண் போட்டு அளந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, ஒரு பூனையும் மூணு குட்டியும் இது மேல தாராளமாப் படுக்கலாம்ல?”