அதிகாரி கணினியில் அடித்த வரி

“என் கடிதம் உங்க ஸ்கிரீன்ல எப்படித் தெரியுது? காட்டுங்க சார்.”

அதிகாரியின் திரையைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று மாரிச்செல்விக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் பதவி உயர்வு கேட்டுக் காரசாரமாக எழுதும்போதெல்லாம் “தங்கள் அன்புக்கு நன்றி” என்றே பதில் வந்தால் அவளும்தான் என்ன செய்வாள்?

அதிகாரி வரதன் சலிப்போடு திரையைத் திருப்பினார். “என் இடத்தை உங்கள் மச்சானுக்குக் கொடுத்தீர்கள்” என்று அவள் அடித்திருந்த இடத்தில் “தங்கள் தேர்வு அருமை” என்று இருந்தது.

“சாஃப்ட்வேர் ஒண்ணுதாம்மா. ஊழியர் கம்ப்யூட்டர்லேர்ந்து அதிகாரி கம்ப்யூட்டருக்கு வர்றப்போ கொஞ்சம் பணிவா மாத்திக்கும்.”

“உங்ககிட்டேர்ந்து கீழ போனா?”

“உத்தரவா மாறிடும்,” என்றார் பெருமையாக.

“அடேயப்பா!” என்றவள் அவருடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ‘இந்த ஆபீஸே வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்’ என்று அடித்து எல்லோருக்கும் அனுப்பினாள்.

கண்ணாடிக்கு அப்பால் அத்தனை திரைகளிலும் ஒரே வரி மின்னியது: ‘அலுவலகம் மூடப்படுகிறது. அனைவரும் வீட்டுக்குச் செல்லவும்.’ ஊழியர்கள் சாப்பாட்டுப் பையோடு எழுந்தார்கள்.

“ஏம்மா, நில்லு! அவங்களை உக்காரச் சொல்லு!”

“நீங்களே ஒரு கடிதம் போடுங்க சார்,” என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் படியிறங்கினாள் மாரிச்செல்வி.