அடிபட்ட வெள்ளை

தொட்டித் தண்ணீரில் சைக்கிள் டியூபை அமுக்கி, குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று பஞ்சர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பெயின்ட் கடைப் பெண்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போச்சு, இத்தனை மாசம் கழித்து மகள் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாளோ?

மகளுக்குத்தான் அந்தப் பெட்டி. படம் வரைகிற ஆயில் பெயின்ட், நல்ல ரகம், ஆன்லைனில் வாங்கி அவள் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தார். விலாசம் மச்சினி புண்ணியத்தில் கிடைத்தது.

அவள் வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. படம் வரையப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றவளிடம், "ஓட்டை டியூபுக்குக் காத்தடிக்கிற வேலை" என்றார் இவர். சொன்னது ஒரே ஒரு வாக்கியம். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பனுக்கு இருக்கிற வீம்பு மகளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா என்ன? அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, இவர் கூப்பிட்டால் எடுப்பதுமில்லை.

மனைவி அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்துவிடுவார். பூட்டிவிட்டு எங்கே போவது? வந்தவன் சட்டென்று கிளம்பிவிடக் கூடாதே என்று, காற்று சரியாக இருக்கிற சக்கரத்தையும் இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பார்.

போனில் அந்தப் பெயின்ட் டியூப்களின் படத்தை முதலில் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அட, நம்ம பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் டியூப் மாதிரியே இருக்கே!

சொல்யூஷன் தீரப்போகிற சமயத்தில் டியூபின் வாலை ஒரு துண்டு ஸ்போக்ஸ் கம்பியில் சுற்றி, முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கடைசிச் சொட்டுவரை வாங்கிவிடுவார். கஞ்சப்பிசினாறி என்று தெருவே கேலி செய்யும். சின்ன வயசில் அந்தக் கம்பியை முறுக்க மகள் அடம்பிடித்து அழுவாள். முறுக்கக் கொடுத்தால்தான் சாப்பிட வருவாள்.

அதை நினைத்ததும் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, அழுதார்.

பெட்டியோடு நாலு வரி எழுதி அனுப்பலாம் என்று பெயின்ட் கடையில் சொன்னார்கள். என்னத்தை எழுதுவது? பில்லில் பேர் இருக்கும், அது போதும் என்று விட்டுவிட்டார்.

பெட்டி போய்ச் சேர்ந்த கையோடு இதே பெண் ஒரு தடவை கூப்பிட்டாள். வழியில் எங்கேயோ போட்டு நசுக்கியிருக்கிறார்கள், வெள்ளை டியூப் வெடித்துப் பெட்டியெல்லாம் ஒழுகிவிட்டது, அங்கே வேறு வெள்ளை கேட்கிறார்கள், அனுப்புகிறோம் என்றாள்.

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். இவருக்கு, அதைத் தூக்கிப் போட்டவன் எவனோ, அவன் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்கிறவள் வெள்ளை உடைந்ததென்று ஏன் கேட்கப்போகிறாள்? பெட்டியைப் பிரித்திருக்கிறாள். அன்றைக்கு வந்த பஞ்சர் எல்லாவற்றையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாசக்கணக்கில் இல்லை. சிவப்போ நீலமோ, இன்னும் ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று எதிர்பார்க்க ஆரம்பித்தார். இப்படியும் ஒரு மனுஷன் வேண்டிக்கொள்வானா? வேண்டிக்கொண்டார்.

இப்போது, மறுபடி அதே பெண்.

"சார், திரும்பவும் வெள்ளைதான். மாத்தி அனுப்பினதும் அடிபட்டு வந்துச்சுன்னு இப்ப சொல்றாங்க. போட்டோவைப் பார்த்தா எங்களுக்கு அப்படித் தெரியலை. கேட்டா, பணம் கட்டினவர்கிட்டயே காட்டுங்க, அவர் பார்த்துச் சொல்லட்டும்ங்கிறாங்க. அனுப்பியிருக்கேன், பாருங்க."

ஈரம் காயாத விரலுக்குத் திரை நகரமாட்டேன் என்றது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, போட்டோவைப் பெரிதாக்கினார்.

பார்த்தார்.

பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். தொட்டிக்குள் விட்ட டியூப் தானாக மேலே மிதந்து வந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா, இருக்கேன். வழியில அடிபட்டதுதான். பஞ்சர் போடுறவன் சொல்றேன், எனக்குத் தெரியாதா? வேற வெள்ளை அனுப்பிடுங்க, இருக்கிறதுலயே பெருசா. காசு என்கிட்ட வாங்கிக்குங்க. ஆனா அடிபட்டதுக்குப் பதில்னுதான் அவகிட்ட சொல்லணும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி சார் என்று வைத்துவிட்டாள்.

அவர் வைக்கவில்லை. போனை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

வெள்ளை டியூப் கழுத்துவரை இறுகச் சுருண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை. சுருளுக்கு நடுவில், துருவேறிய ஒரு துண்டு ஸ்போக்ஸ் கம்பி.