அங்க அடையாளம்

கடிகாரம் திருடியதற்காகப் பதினேழு வயதில் லண்டனிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஆப்னரின் பெயரை, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக் குமாஸ்தா பழைய கப்பல் பதிவேட்டில் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கடிகாரத்தை அப்பாவின் மேஜையிலிருந்து எடுத்து, ஆசையாய் அவன் கையில் திணித்தவள் எதிரே நின்ற கெசியாதான். கோர்ட்டில் அப்பா முறைத்துக்கொண்டிருக்க, இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றுவிட்டாள். இருபது வருடம் கழித்து, கல்யாணமாகி மிசஸ் பென்ரோஸ் ஆனவள், அவனைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

"இடது கையில பச்சை குத்தியிருக்கான். இறங்கும்போது புண்ணு ஆறவே இல்லையாம். கப்பல்லதான் குத்தியிருப்பான்" என்ற குமாஸ்தா, வரியில் விரலை வைத்தார். "கெசியான்னு ஒரு பேரு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மிசஸ் பென்ரோஸ்?"

"தெரியாது" என்றாள்.

முறைக்க இந்தத் தடவை அப்பாகூட இல்லை.